குறுக்கே ஒரு பெயர்

பெயரை எங்கே போடுவது என்பதில்தான் அன்றைக்கு அவ்வளவு நேரம் போயிற்று. பாரதியார் வீதியில் செம்பியனின் கம்ப்யூட்டர் கடை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ரிப்பேருக்கு வந்த பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். முருகானந்தம் அலுவலகம் விட்டு நேராக அங்கே வந்திருந்தான். திரையில் அவன் எடுத்த படம். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. விரித்த துணிக்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில் ஒரு மாம்பழம்.

கீழ் மூலையில் பெயர் போட்டுப் பார்த்தார்கள். படத்தைத் திருடுகிறவன் மூலையை வெட்டிவிட்டுப் போய்விடுவான் என்றான் செம்பியன். மேலே வானத்தில் போட்டார்கள். வானத்தை மட்டும் வெட்ட மாட்டானா? கடைசியில் செம்பியன் மவுஸைப் பிடித்துப் பெயரை மெல்ல இழுத்துக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணின் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சாய்வாக நிறுத்தினான்.

"ஆளு மேலயே போட்டுரு மாப்ள. ஆள வெட்டுனா படமே இல்ல. அப்புறம் எவன் எடுப்பான்?"

'முருகானந்தம், நெரவி.' அதற்குக் கீழே செல் நம்பர். வெள்ளை எழுத்து. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கவா என்று செம்பியன் கேட்டதற்கு, தாராளமாகப் பெரிதாக்கு என்றான் முருகானந்தம். கோபம் அப்படி.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முருகானந்தம் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் யு.டி.சி. நெரவியிலிருந்து தினமும் பைக்கில் போய் வருகிறவன். கோப்பு தள்ளுகிற கைக்குக் கேமரா கிடைத்தால்தான் இந்த மனுஷனுக்கு மூச்சே வரும் என்று அவன் மனைவி தையல்நாயகி சொல்வாள். பாராட்டாகச் சொல்கிறாளா குத்தலாகச் சொல்கிறாளா என்பது அன்றைக்கு அவன் காய்கறி வாங்கி வந்தானா மறந்தானா என்பதைப் பொறுத்தது. நடவு, அறுப்பு, அரசலாறு கடலில் சேர்கிற இடம், மார்கழிப் பனியில் நிற்கிற படகு என்று வருஷக்கணக்காக எடுத்துச் சேர்த்திருந்தான். அதையெல்லாம் போட்டுவைக்கச் செம்பியன் ஓர் இணையதளம் செய்து கொடுத்தான். ஒரு நாளைக்கு நாலு பேர் வந்து பார்ப்பார்கள். அதில் இரண்டு பேர் அவனும் செம்பியனும்.

காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவில் எடுத்த படம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆனிப் பௌர்ணமியை ஒட்டிப் பிச்சாண்டவர் சப்பரத்தில் வீதியுலா வருவார். வழியெல்லாம் வீட்டு மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழத்தை இறைப்பார்கள். கீழே நிற்கிற கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பழத்தை மடியேந்திச் சாப்பிட்டால் அடுத்த வருஷம் கையில் பிள்ளையோடு வருவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. அப்படிப் பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. முருகானந்தம் அன்று செம்பியனின் மாமனார் வீட்டு மொட்டைமாடியில் நின்றிருந்தான். அவ்வளவு கூட்டத்திலும் அந்தப் பச்சைப் புடவை கண்ணில் பட்டது. மற்றவர்கள் இடித்துக்கொண்டு ஓட, அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வருவதென்றால் பழம் தன்னைத் தேடி வரட்டும் என்று இருப்பவளைப் போல நின்றாள். வந்தது. அவன் விரலும் சரியான நேரத்தில் அமுக்கியது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, விழாமல்.

தையல்நாயகி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். யார் இது என்று கேட்டாள். யாரோ, கூட்டத்தில் நின்றது என்றான். பாவம் என்றாள். கொஞ்சம் கழித்து, "இதப் போயி எல்லாரும் பாக்குற மாதிரி போடப்போறீங்களா?" என்றாள். அது அவன் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அவன் அந்தப் பழத்தின் மேல் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல படம் எடுத்துவிட்டவனிடம் அந்த நேரத்தில் நியாயம் பேசிப் பிரயோஜனம் இல்லை.

படம் பறந்தது. யாரோ அதில் அகல்விளக்கு இரண்டை ஒட்டி வாழ்த்துச் செய்தியாக்கினார்கள். ஒரு பழக்கடைக்காரர் பையில் அச்சடித்துக்கொண்டார். எதிலும் முருகானந்தத்தின் பெயர் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆடி மாதம் அலுவலக நண்பர் ஒருவர் வெளியூர்ப் பேருந்து நிலையம் ஒன்றில் பார்த்த ஃபிளெக்ஸைப் படமெடுத்து அனுப்பினார். ஏதோ ஒரு கருத்தரிப்பு மையத்தின் விளம்பரம். அதே பச்சைப் புடவை, அதே விரித்த முந்தானை. மாம்பழத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தையை மிதக்க விட்டிருந்தார்கள். முருகானந்தத்துக்கு ரத்தம் கொதித்தது. வீட்டில் தையல்நாயகி பக்கத்தில் நிற்க, ஃபிளெக்ஸில் இருந்த நம்பருக்கு போன் போட்டான்.

"எடுத்தவங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா சார்? யாரக் கேட்டு இதப் போட்டீங்க?"

எதிர்முனையில் இருந்த ஆள் மரியாதையாகவே பேசினான். "நெட்ல இருந்துச்சு சார்" என்றான்.

அந்தச் சூட்டோடுதான் மறுநாள் செம்பியன் கடைக்கு வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று செம்பியனே கேலி பண்ணினான். ஆனாலும் செய்து கொடுத்தான். படத்தின் மேல் வைத்து ரைட் கிளிக் பண்ணினால் 'இதைப் படியெடுக்க அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி வந்து மறிக்கும். பெரிய படங்களையெல்லாம் எடுத்துவிட்டுச் சின்னதாகப் போட்டான். இதெல்லாம் நாய்க்குப் போடுகிற படல்தான், கண்ணுக்குத் தெரிகிற எதையும் பூட்டிவைக்க முடியாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போகிறவனை நீ என்ன செய்வாய் என்றும் அவனே சொன்னான். அதற்காகத்தான் குறுக்கே பெயர்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போயிருக்கும். முருகானந்தத்துக்கு ஒரு யோசனை வந்தது. பெயர் இல்லாத படம் ஊரெல்லாம் சுற்றுகிறதே, அதை எப்படி ஒழிப்பது? பெயர் போட்ட படத்தை அதைவிட அதிகமாகச் சுற்றவிட்டால் போயிற்று. தெரிந்த வாட்ஸ்அப் குழு ஒன்று பாக்கி இல்லாமல் அனுப்பினான். அலுவலகக் குழு, பள்ளிக்கூடத்து நண்பர்கள், கோயில் குழு, படகு பார்க்கப் போன இடங்களில் பழக்கமான மீனவர்களின் குழு. கீழே ஒரு குறிப்பும் எழுதினான். இதை எடுத்தவன் நான், என்னைக் கேட்காமல் ஒரு மருத்துவமனை திருடிவிட்டது, பெயருள்ள படத்தையே பகிருங்கள். ஜனங்களுக்கு நல்ல மனது. பகிர்ந்து தள்ளினார்கள். ஆவணி முழுக்க அவன் பெயர் காரைக்கால் சுற்றுவட்டாரமெல்லாம் போய் வந்தது. அப்போது அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதை மறைப்பானேன், ரொம்பச் சந்தோஷமாகவே இருந்தான்.

தை மாதம், பொங்கல் கழிந்து அலுவலகம் இன்னும் சோம்பல் கலையாமல் இருந்த ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல்.

"முருகானந்தம் சாருங்களா? படத்துல உங்க நம்பரு இருந்துச்சு."

வளைகாப்புக்கோ காதுகுத்துக்கோ படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, எந்தப் படம்மா என்று கேட்டான். மாங்கனிப் படம் என்றாள். கொஞ்சம் தயங்கி, "அதுல இருக்குறது நாந்தான் சார்" என்றாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உங்களைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று வாய் கூசாமல் சொன்னான். ஒரு நாள்கூடத் தேடியதில்லை. அவள் பெயர் பூங்கொடி, கிளிஞ்சல்மேடு, வீட்டுக்காரர் குணசேகரன் கடலுக்குப் போகிறவர். நேரில் வந்து பேச வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னான். அன்று மாலையே அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃபிரேம் பண்ணக் கொடுத்தான். பெயர் இல்லாத, பளிச்சென்ற படம். அவளுக்கு அன்பளிப்பு. அதை அவள் வாங்கிக்கொள்ளும்போது தையல்நாயகியை விட்டு ஒரு படம் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். வேறு புடவை, சாயம் போன நீலம். படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். பைக்கில் கூட்டிவந்த குணசேகரன் கேட்டுக்கு வெளியிலேயே பூவரசு நிழலில் நின்றுவிட்டான். உள்ளே வாங்க என்று முருகானந்தம் போய்க் கூப்பிட்டான். இருக்கட்டும் சார் என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல். தையல்நாயகி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான், நகரவில்லை.

பூங்கொடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தையல்நாயகியைப் பார்த்துத்தான் பேசினாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, வேண்டாத தெய்வம் இல்லை. ஒவ்வொரு வேண்டுதலுக்கும் மாமியார் அஞ்சுகம் கூட வருவாள், வந்தால் ஊருக்கே தெரியும், அப்புறம் எதிரில் வருகிறவர்களெல்லாம் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். அதனால் போன ஆனியில் மண்டபத்தூரில் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக வந்திருக்கிறாள். தனக்கும் அம்மையாருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று.

"பழம் கெடச்சுது அக்கா. அங்கயே நின்னு தோலோட தின்னேன். நின்னுச்சு." கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "கார்த்திகைல போயிருச்சு."

தையல்நாயகி எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முருகானந்தத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேஜை மேல் செய்தித்தாள் சுற்றிய ஃபிரேம் இருந்தது. அதைப் பார்த்தான்.

அதற்குள் படம் கிளிஞ்சல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே எல்லார் கையிலும் இருந்தது. மாங்கனி ஏந்தினாயாமே, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கார்த்திகைக்குப் பிறகும் கேட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மாமியார் கெட்டவள் இல்லை என்று பூங்கொடி இரண்டு தரம் சொன்னாள். 'எத்தனை கண்ணு பட்டுச்சோ' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். கண்ணாவது படுவதாவது என்று சொல்ல முருகானந்தம் வாயைத் திறந்தான். எதிரில் இருப்பவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல வந்த படத்துல நான் மட்டுந்தான் சார் இருந்தேன். அது போவட்டும். கோயில் கூட்டத்துல எல்லாரும் பாத்ததுதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் வந்ததுல எம்மேல உங்க பேரு இருக்கு. அவுங்க கடலுக்குப் போறப்ப போட்ல உள்ளவங்க கேக்குறாங்களாம், யாருடா உம் பொண்டாட்டி மேல பேரு எழுதி வச்சவன்னு. வெளையாட்டுக்குத்தான் கேக்குறாங்க. இவுங்களும் சிரிச்சுட்டுத்தான் வராங்க. வீட்டுக்கு வந்தா பேசறதில்ல."

முருகானந்தத்துக்குக் காது சூடாகிவிட்டது. பெயர் போட்டதன் காரணத்தைச் சொல்ல முயன்றான். திருட்டு, மருத்துவமனை, ஃபிளெக்ஸ் என்று என்னென்னவோ சொன்னான். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்றுதான் அப்படிப் போட்டேன் என்று முடித்தான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் நிக்கிறேன்ல சார் அதுல," என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவன் போனில் அந்த ஆளிடம் கத்திய வார்த்தை இது என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். தையல்நாயகிக்கும் தெரியும், கத்தியபோது அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இப்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் ஃபிரேமைப் பிரித்து அவளிடம் நீட்டினான். செய்திருக்க வேண்டாம். கை தானாகச் செய்துவிட்டது. அவள் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பெயர் இல்லாத படம். ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடி மேல் ஒரு விரலை வைத்து, கண் இருக்கிற இடத்தைத் தொட்டாள்.

"அழுதுருக்கேன் போலருக்கே," என்றாள். "எனக்கே தெரியல."

பிறகு அதை மேஜை மேல் திரும்ப வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. "இத எங்க சார் மாட்டுறது?" என்று மட்டும் கேட்டாள்.

கிளம்பும்போது வாசலில் நின்றாள். வெளியே குணசேகரன் பைக்கைத் திருப்பி வைத்திருந்தான். "நீங்க போட்ட பேருதானே சார். நீங்க எடுத்தா போயிரும்ல?" என்றாள். முருகானந்தம் போயிரும்மா என்றான். அவள் முகம் தெளிந்தது. அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் இன்றைக்கும் அவனைத் தூங்கவிடாமல் செய்கிறது. போகாது என்று அப்போதே தெரியும். தெரிந்தேதான் சொன்னான்.

மறுநாளே செம்பியனிடம் போய்த் தளத்திலிருந்து படத்தை எடுக்கச் சொன்னான். ஒரு நிமிஷ வேலை. செம்பியன் எடுத்துவிட்டு, "போனது போனதுதான் மாப்ள" என்றான். அவன் குரலிலும் கேலி இல்லை. ஆளு மேலயே போடு என்று சொன்னவன் அவன்தானே. முருகானந்தம் ஒவ்வொரு குழுவாகப் போய், தயவுசெய்து அந்தப் படத்தை அழித்துவிடுங்கள் என்று எழுதினான். அது இன்னும் வினையாக முடிந்தது. மறந்துபோயிருந்தவர்கள் எந்தப் படம் என்று மேலே தள்ளித் தேடிப் பார்த்தார்கள். பார்க்காதவர்கள் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஏன் அழிக்க வேண்டும், அந்தப் பெண் யார், ஏதாவது பிரச்சினையா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஒருவர் உங்கள் பெயரோடுதானே வைத்திருக்கிறோம் என்று கோபித்துக்கொண்டார். திருட்டுப் படத்தை மடக்க முடியாதவன், தானே ஊதிவிட்ட படத்தை எங்கே போய் மடக்குவான்? இரண்டு தடவை பூங்கொடிக்கு போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று நம்பரை எடுத்தான். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டான். அவளும் கூப்பிடவில்லை. போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறாளோ, நம்பிக்கை போய் விட்டுவிட்டாளோ. எதுவானாலும் அவனுக்கு வலி ஒன்றுதான்.

ஃபிரேம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், முகம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. தையல்நாயகி பெருக்கும்போது அதை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கினாள்.

ஆனி வந்தது. கேமராவைத் தொடவே மனமில்லை. தையல்நாயகிதான் சாமியாவது கும்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளப்பிக்கொண்டு போனாள். மாடிக்குப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கீழே, வீதியில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மேலே எத்தனை பேர் போனை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று. ஒவ்வொரு மாடியிலும் வரிசையாகக் கைகள். எந்தக் கை தன்னைப் பிடிக்கிறது என்று கீழே இருக்கிறவனுக்குத் தெரிய வழியே இல்லை. அவன் தன்னையறியாமல் முகத்தைத் துண்டால் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டான். பச்சைப் புடவை எதிலாவது அவள் இருக்கிறாளா என்று தேடினான். வந்திருக்கக் கூடாது என்றும் நினைத்தான், வந்திருக்க வேண்டும் என்றும் நினைத்தான். கண்ணில் படவில்லை.

சப்பரம் திருப்பத்தில் தெரிந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அலுவலகக் குழு. யாரோ எங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிட்டிருந்தார்கள், மாங்கனித் திருவிழா வாழ்த்துகள் என்று. அடியில் அதற்குள் மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள்.

முருகானந்தம் படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினான். கை மாறிக் கை மாறி வந்ததில் அது நைந்துபோயிருந்தது. அவள் முகம் கலங்கலாகிவிட்டது, கண் எங்கே என்றுகூடச் சொல்ல முடியவில்லை, கண்ணீர் எங்கே இருக்கப்போகிறது. பழம் ஒரு மஞ்சள் திட்டு. தலைக்கு மேலே மாடியிலிருந்து யாரோ கூவினார்கள், பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையை விரித்தார்கள், தையல்நாயகி அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரென்று தெரியாமல் கரைந்துபோன அந்தப் பெண்ணின் குறுக்கே, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும், ஓர் எழுத்துகூடச் சிதையாமல் வெள்ளையாக அவன் பெயர் இருந்தது.